வெட்டிய குச்சியும் குறைத்த இசையும்

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஆறு மாதமாகக் குச்சி வெட்டி நட்டுச் செடி வளர்க்க முயல்கிறீர்கள். செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூ மூன்றும் முதலில் துளிர்க்கின்றன, அப்புறம் கருகிவிடுகின்றன. மணி பிளான்ட் மட்டும் பிழைத்திருக்கிறது. செடி வேலை செய்யும்போது போஸ்ட்-பங்க் கேட்கிறீர்கள், எழுபதுகளின் கடைசியில் பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த இசை. அந்த இசை செடிக்கு ஏதாவது செய்யுமா, அடுத்து எந்த ஆல்பங்களைக் கேட்கலாம் என்றும் கேட்டு, செடிகளின் படம் இரண்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த இரண்டிலும் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "துளிர்க்கின்றன, அப்புறம் கருகுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. துளிர் வந்தால் வேரும் வந்துவிட்டது என்று நாம் எல்லோருமே நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மரத்தன்மை உள்ள குச்சிக்குள் ஏற்கெனவே மாவுச்சத்து சேர்ந்திருக்கும். கணுவில் மொட்டு தயாராக உறங்கிக்கொண்டிருக்கும். வெட்டி ஈரத்தில் வைத்த உடனே அந்தச் சேமிப்பைத் தின்றுதான் மொட்டு விரிகிறது. இரண்டு இலை, நான்கு இலை என்று வரும். இலை விரிந்தால் தண்ணீர் ஆவியாகும். இறைத்துக் கொடுக்கக் கீழே வேர் இல்லை. சேமிப்பு தீர்ந்த அன்று எல்லாம் ஒரே நாளில் தொங்கிவிடும்.

எனக்கு இது புரிந்தது ஒரு காகிதப்பூக் குச்சியால்தான். ஐந்து இலைகள், நல்ல பளபளப்பு, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வாரம் பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று எடுத்தேன். மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால் அடிப்பகுதி நான் வெட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. ஒரு மயிரிழை வேர்கூட இல்லை. வெட்டு வாயைச் சுற்றி மட்டும் அரிசி மணி அளவில் வெள்ளையாகச் சிறு சிறு கட்டிகள். அதைக் கேலஸ் என்பார்கள், வெட்டுக்காயத்தின் மேல் செடி போட்டுக்கொள்ளும் தழும்பு. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வேர் வந்திருக்கும். நான் கிளறியதால் அது போய்விட்டது.

ஆகவே முதல் மாற்றம் இதுதான்: துளிரைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தத் துளிர் இரண்டு மூன்று வாரம் தாண்டியும் நிமிர்ந்து நின்று, அடுத்த சோடி இலையும் வந்தால் நம்பலாம். சந்தேகமாக இருந்தால் குச்சியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் வர மறுத்தால் வேர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்திவிட்டு அப்படியே அழுத்தி வையுங்கள். இதையும் தினமும் செய்யக்கூடாது, புது வேர் நூல் மாதிரி அறுந்துவிடும்.

வெட்டிய இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். செடியின் நுனிக்கொழுந்திலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உண்டாகிறது. அது எப்போதும் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் நகரும். கிளை செடியோடு இருக்கும்வரை அது கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். வெட்டிவிட்டால் போக வழி இல்லாமல் வெட்டு வாய்க்கு அருகில் தேங்கும். அந்தத் தேக்கமும் காயமும் சேர்ந்து, தண்டின் உள்ளே இருக்கும் சில செல்களை வேராக மாறச் சொல்கின்றன. குச்சியைத் தலைகீழாக நட்டால் பெரும்பாலும் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான், வழி மாறிவிடுகிறது. கீழ்ப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டும் பழக்கம் இருக்கிறதே, அதனால் கிடைக்கும் முதல் நன்மை எது தலை எது கால் என்று மறக்காமல் இருப்பது.

மணி பிளான்ட் ஏன் பிழைத்தது என்பதும் இதில் வந்துவிடுகிறது. அதன் ஒவ்வொரு கணுவிலும் பழுப்பாக ஒரு சிறு மொட்டு துருத்திக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது வேர்தான். வெளியே நீள மட்டும் காத்திருக்கிறது. கோலியஸ் என்ற வண்ண இலைச் செடி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதே மாதிரி சுலபமானவை. நீங்கள் தோற்ற மூன்றும் வேரை ஆரம்பத்திலிருந்து உருவாக்கவேண்டியவை. அதற்கு நாள் பிடிக்கும்: கோலியஸுக்கு ஒன்றிரண்டு வாரம் என்றால் செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் ஒன்று முதல் இரண்டு மாதம், காகிதப்பூவுக்குச் சில சமயம் மூன்று மாதம்கூட.

அந்த நாட்களைத் தாக்குப்பிடிக்கும் குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பூத்துக் குலுங்கும் கிளையை எடுக்காதீர்கள். பூவும் மொட்டும் சத்தை இழுத்துக்கொள்ளும். பூக்காத, நோய் இல்லாத, போன பருவத்தில் வளர்ந்த கிளை வேண்டும். செம்பருத்திக்கு நுனி பச்சையாகவும் அடி லேசாகப் பழுப்பேறவும் ஆரம்பித்த கிளை. வளைத்தால் வளையவேண்டும், இன்னும் வளைத்தால் படக்கென்று ஒடியவேண்டும். காகிதப்பூவுக்குப் பென்சில் கனத்தில் முற்றிய குச்சி நல்லது. நீளம் ஒரு சாண் போதும், குறைந்தது மூன்று நான்கு கணு இருக்கவேண்டும். அடிக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள், வேர் கணுவைச் சுற்றித்தான் சுலபமாகப் புறப்படும். காலையில் வெட்டுங்கள், இரவெல்லாம் தண்ணீர் குடித்த கிளை நிமிர்ந்து இருக்கும். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் வெட்டவேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும்.

இப்போது இலைகள். உங்கள் படத்தில் ரோஜாக் குச்சியில் ஆறேழு இலைகள் அப்படியே இருந்தன. எடுக்க மனம் வரவில்லை என்று தெரிகிறது. ஆனால் எடுக்கத்தான் வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதியில் ஓர் இலையும் கூடாது. மேலே இரண்டு அல்லது மூன்று இலை போதும், பெரிய இலை என்றால் அதையும் குறுக்கே பாதியாக வெட்டிவிடுங்கள். முழு மொட்டையும் அடிக்கக்கூடாது, மென்மையான குச்சிக்கு மிச்சமிருக்கும் அந்தப் பாதி இலைதான் சமையல்கட்டு. எவ்வளவு விட்டால் உயிர் நிற்கும், எவ்வளவு எடுத்தால் தண்ணீர் மிஞ்சும் என்ற கணக்கு கை பழகப் பழக வரும்.

இந்த இடத்தில் என்னால் இசையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இலையை உருவிக்கொண்டிருக்கும்போது நான் அதிகம் கேட்கும் ஆல்பம் யங் மார்பிள் ஜயன்ட்ஸின் 'கலோசல் யூத்', 1980. வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்து மூன்று பேர். ஒரு பேஸ் கிடார், ஒரு சாதாரண கிடார் அல்லது ஆர்கன், கேசட்டில் பதிந்துவைத்த டிரம் மெஷினின் மெல்லிய தட்டல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அலிசன் ஸ்டாட்டனின் குரல். அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது ஏதோ பாதிப் பதிவைக் கேட்கிறோம் என்று தோன்றியது. நாலாவது தடவை, இதில் இன்னும் ஒரு வாத்தியம் சேர்த்தால் பாட்டு செத்துவிடும் என்று புரிந்தது. அவர்கள் வெளியிட்ட ஒரே ஸ்டுடியோ ஆல்பம் அது. எனக்கு அது ஒன்றே போதும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த கேங் ஆஃப் ஃபோர் குழு வேறு வழியில் இசையைக் குறைத்தார்கள். 1979இல் வந்த 'என்டர்டெயின்மென்ட்!' ஆல்பத்தில் ஆண்டி கில்லின் கிடாரைக் கவனியுங்கள். ராக் பாட்டில் கிடார் தனியாவர்த்தனம் வரவேண்டிய இடத்தில் அவர் கையை எடுத்துவிடுவார். பேஸும் டிரம்ஸும் மட்டும் ஓடும். அந்த வெற்றிடம் காதில் அறையும். அதே வருடம் வந்த ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளஷர்ஸ்' பதிவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து வாசிக்கச் சொல்லிப் பதிந்தார். ஒவ்வொரு ஒலிக்கும் தன்னைச் சுற்றிக் காற்று இருப்பதுபோல் கேட்கும். ஜமைக்காவின் டப் இசை இவர்களுக்கெல்லாம் இதைக் கற்றுக்கொடுத்தது. டப் கலைஞர்கள் முடிந்த பாட்டிலிருந்து குரலை எடுப்பார்கள், கிடாரை எடுப்பார்கள், மிச்சத்தை எதிரொலியில் மிதக்கவிடுவார்கள். அந்த மரபிலிருந்து வந்த டெனிஸ் போவெல்தான் தி ஸ்லிட்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தார். 1979இல் வந்த அதன் பெயரே 'கட்'. அட்டையில் மூன்று பெண்களும் உடம்பெல்லாம் சேறு பூசி நிற்கிறார்கள். தோட்டவேலை செய்கிறவர்கள் யாருக்கும் அந்தப் படத்தோடு ஒரு சொந்தம் தோன்றாமல் இருக்காது.

சரி, மண்ணுக்கு வருவோம். வேர்விடும் கட்டத்தில் குச்சிக்கு உரம் வேண்டாம். உரத்தை எடுத்துக்கொள்ள அதற்கு வாய் இல்லை. நீங்கள் மண்புழு உரம் பாதிக்குப் பாதி கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடி கருத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும், சத்துள்ள ஈர மண்ணில் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். தேங்காய் நார்த்தூளும் கழுவிய கரடுமுரடான மணலும் சரிபாதி போதும். மணலுக்குப் பதில் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும் போடலாம். கைப்பிடி அளவு எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தினமும் தண்ணீர் ஊற்றினால் மண்ணின் துளைகளெல்லாம் நிரம்பி, தண்டு மூச்சுத் திணறி அழுகும். மேல்மண் காய்ந்து அடியில் ஈரம் இருந்தால் ஊற்றவேண்டாம்.

தண்ணீர் மண்ணில் குறைவாக இருக்கவேண்டும், காற்றில் நிறைய இருக்கவேண்டும். இதுதான் ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். இலை வாடுவதைப் பார்த்து மண்ணில் ஊற்றுகிறோம். உண்மையில் இலையைச் சுற்றியுள்ள காற்றைத்தான் ஈரமாக்கவேண்டும். அடி வெட்டிய பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குச்சியின்மேல் கவிழ்த்துவிடுங்கள், அல்லது தொட்டியோடு ஒரு பாலித்தீன் பையால் மூடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை சற்று நேரம் திறந்துவிட்டால் பூஞ்சை வராது. மூடியதை நேர்வெயிலில் மட்டும் வைக்கவே கூடாது. ஒரே மத்தியானத்தில் உள்ளே அவிந்துவிடும். பேப்பர் படிக்கும் அளவு நல்ல வெளிச்சம் இருக்கும் நிழல் போதும். மண்ணின் சூடு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் வேர் சுறுசுறுப்பாக வரும். குளிர் நாளில் குச்சி சாகாமல் சும்மா இருந்தால் கவலைப்படாதீர்கள், அது காத்திருக்கிறது.

வேர்ப் பொடி தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் ரூட்டிங் ஹார்மோன் என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது ஐபிஏ, அதாவது இண்டோல் பியூட்டிரிக் அமிலம். ஆக்சின் வகைதான், செடியிலுள்ள இயற்கை ஆக்சினைவிடச் சீக்கிரம் சிதையாது. கோலியஸுக்கும் மணி பிளான்டுக்கும் அதை வீணாக்காதீர்கள். ரோஜாவுக்கும் காகிதப்பூவுக்கும் நல்ல பலன் உண்டு. வெட்டு வாயை ஈரமாக்கி, பொடியில் ஒற்றி, அதிகமானதைத் தட்டிவிடுங்கள். அதிகம் போட்டால் அதிக வேர் வராது, தண்டு வெந்துவிடும். நடும்போது குச்சியாலேயே மண்ணைக் குத்தினால் பொடி வழியிலேயே உதிர்ந்துவிடும், அதனால் முதலில் பென்சிலால் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் என்றதும் எனக்கு உடனே ஞாபகம் வருவது 1977 ஜனவரியில் மான்செஸ்டரிலிருந்து வந்த ஓர் இசைத்தட்டு. பஸ்காக்ஸ் குழு ஏறக்குறைய 500 பவுண்டு கடன் வாங்கித் தாங்களே பதிந்து, தாங்களே வெளியிட்டார்கள். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்', நான்கே பாட்டு. அதற்காக அவர்கள் தொடங்கிய கம்பெனியின் பெயர் நியூ ஹார்மோன்ஸ். தயாரித்தது பின்னாளில் ஜாய் டிவிஷனோடு வேலை செய்த அதே ஹானெட். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே ஏதாவது சேர்த்தார்களா என்பதையெல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். மறு வருடம் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு தட்டு தயாரிக்க ஆகும் செலவுக் கணக்கை அட்டையில் போட்டது. இப்படித்தான் செய்தோம், உங்களாலும் முடியும் என்று சொல்லிக்கொடுக்கும் அந்தக் குணம்தான் எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்தது. நல்ல செடிக்காரர்களிடமும் அதே குணத்தைப் பார்த்திருக்கிறேன். செடியைக் கேட்டால் கிளையை ஒடித்துக் கையில் கொடுத்து, எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டவேண்டும் என்றும் விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' வந்த கையோடு பாடகர் ஹோவர்ட் டிவோட்டோ பஸ்காக்ஸிலிருந்து விலகி மேகசின் என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். பஸ்காக்ஸ் நிற்கவில்லை, பீட் ஷெல்லியோடு இன்னொரு பக்கம் தழைத்தது. ஒரே செடி, இரண்டு தொட்டி. தி ஸ்லிட்ஸின் டிரம்மர் பால்மோலிவ் அங்கிருந்து தி ரெயின்கோட்ஸுக்குப் போய் அவர்களின் முதல் ஆல்பத்தில் வாசித்தார். அந்த ஆல்பத்தில் வயலினும் டிரம்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடுவதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். நியூ ஆர்டரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். 1980 மே 18 அன்று ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தார். மீதி மூவரும் பழைய பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். 1981இல் வந்த அவர்களின் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, 'செரிமனி', கர்ட்டிஸ் இருந்தபோது அவரோடு சேர்ந்து எழுதிய பாட்டு. தாய்ச்செடி போனபிறகு அதன் குச்சி ஒன்று தழைத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டின் தொடக்கம் எங்கே போய்த் தொடும் என்று தெரியும்.

செடி விஷயத்தில் இது வெறும் உவமையும் இல்லை. குச்சியிலிருந்து வளர்ந்தது தாய்ச்செடியின் பிள்ளை அல்ல, அதே செடிதான். விதையில் இரண்டு பெற்றோரின் கலப்பு இருக்கும், குச்சியில் எதுவும் மாறாது. பூவின் நிறம், மணம், நோய் பிடிக்கும் சுபாவம் எல்லாம் அப்படியே வரும். வயதுகூட வரும். அதனால்தான் முற்றிய செடியின் குச்சி சீக்கிரம் பூக்கிறது, ஆனால் இளஞ்செடியின் குச்சி அளவுக்குச் சுலபமாக வேர்விடுவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு என்னை ரொம்ப நாள் குழப்பியது. மஞ்சள் ஓரம் வைத்த ஸ்நேக் பிளான்டின் இலையைத் துண்டு போட்டு நட்டால் வேர் வரும், சில மாதத்தில் குட்டியும் வரும். ஆனால் குட்டி முழுப் பச்சையாக இருக்கும், மஞ்சள் ஓரம் காணாமல் போயிருக்கும். காரணம், அந்தச் செடியில் இரண்டு வகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்கின்றன. இலைத்துண்டிலிருந்து புதுமொட்டு உருவாகும்போது அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நடவேண்டும்.

கள்ளி, சதைப்பற்றுள்ள செடிகள், பால் வடியும் புளுமேரியா ஆகியவற்றுக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் சும்மா போட்டுவையுங்கள். சின்னதுக்கு இரண்டு மூன்று நாள், தடித்த புளுமேரியாக் கிளைக்கு ஒரு வாரத்துக்கு மேல். வெட்டு வாய் காய்ந்து தோல் போட்டபிறகு நடுங்கள். மூடியும் வைக்கவேண்டாம். பால் வடியும் செடிகளை வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

தண்ணீரில் வேர்விடுவதைக் கண்ணாடிக் குவளையில் பார்ப்பது அழகுதான், நானும் செய்கிறேன். தண்ணீரை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேர் விரல்நுனி நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகியதல்ல. குவளையைச் சுற்றிக்கொள்ளும்வரை விட்டால் மாற்றும்போது பாதி செத்து, செடி மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். மாற்றிய முதல் வாரம் மண்ணை வழக்கத்தைவிடச் சற்று ஈரமாகவே வையுங்கள்.

உங்கள் இரண்டாவது படத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். இலையில் வெள்ளையாக, வளைந்து வளைந்து, யாரோ பேனாவால் கிறுக்கினதுபோல் கோடுகள். அது இலைத்துளைப்பான். ஒரு சின்னப் பூச்சியின் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையைத் தின்றுகொண்டே போகிறது. அது போன பாதைதான் அந்தக் கோடு. ஆரம்பத்தில் நூலாக இருந்து போகப்போக அகலமாகும், ஏனென்றால் உள்ளே புழு வளர்ந்துகொண்டே போகிறது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அகலமான முனையில் ஒரு சிறு புள்ளி தெரியும். அந்த இடத்தை நகத்தால் அழுத்திவிடுங்கள், அல்லது இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மருந்து வேண்டாம், புழு தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது பெரும்பாலும் எட்டாது. அந்தக் கிளையிலிருந்து மட்டும் குச்சி எடுக்காதீர்கள்.

இந்தப் புழுவைப் பற்றி ஒரு போஸ்ட்-பங்க் பாட்டே இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? லண்டனைச் சேர்ந்த வயர் குழுவின் 'அவுட்டோர் மைனர்'. 1978இல் வந்த 'சேர்ஸ் மிஸ்ஸிங்' ஆல்பத்தில் இருக்கிறது. ஆல்பத்தில் இரண்டு நிமிடம்கூட ஓடாது, 1979இல் சிங்கிளாக வந்தபோது நீட்டினார்கள். கேட்டால் அவ்வளவு இனிமையான மெட்டு, ஏதோ காதல் பாட்டு என்று நினைத்துத்தான் நான் பல வருடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இலைக்குள் சுரங்கம் தோண்டும் பூச்சியைப் பற்றியது என்று தெரிந்த அன்று மொட்டைமாடிக்குப் போய் எலுமிச்சை இலை ஒன்றைப் பறித்து, அந்தக் கோட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலை ஓட்டியபடி பாட்டைக் கேட்டேன். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

செடிக்கு இசை உதவுமா என்ற கேள்விக்கு என் பதில் நேரானது. குச்சி வேர்விடுவதைத் தீர்மானிப்பவை ஈரம், சூடு, வெளிச்சம், சுத்தம், கிளையின் வயது. பாட்டுக்காக இதில் எதையும் மாற்றவேண்டாம். இசை உதவுவது உங்களுக்கு. நான் அதை நேரக் கணக்காகவே வைத்திருக்கிறேன். வயரின் முதல் ஆல்பமான 'பிங்க் ஃப்ளாக்'கில் 21 பாட்டுகள், மொத்தம் 35 நிமிடம். அந்த ஆல்பம் முடிவதற்குள் எத்தனை குச்சியை வெட்டி, இலை உருவி, நட்டு, மூட முடியுமோ அத்தனையை மட்டுமே தாய்ச்செடியிலிருந்து எடுப்பேன். அதற்கு மேல் எடுத்தால் மேசைமேல் கிடந்து வாடும். வாடிய குச்சி பிழைப்பது கஷ்டம். முன்பெல்லாம் ஆசையில் ஐம்பது அறுபது வெட்டிவிட்டுப் பாதியைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அடுத்து கேட்க வேண்டியவை என்றால், மேலே சொன்னவற்றோடு பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்'. 1979இல் வட்டமான தகர டப்பாவுக்குள் மூன்று தட்டாக வந்தது. ஜா வாபிளின் பேஸ் வயிற்றில் இடிக்கும், தொட்டி மாற்றுவது, மண் கலப்பது மாதிரி உடம்பு வளையும் வேலைக்கு அது சரி. மேகசினின் 'ரியல் லைஃப்' தண்ணீர் ஊற்றும் நேரத்துக்கு. தி ஃபால் குழுவை அவசரமாகத் தொடவேண்டாம், ஒரு மழைநாளை அதற்கென்று ஒதுக்குங்கள். 1981இல் ஒரு பிரிட்டிஷ் இசை வார இதழும் ரஃப் டிரேட் என்ற இசை வெளியீட்டு நிறுவனமும் சேர்ந்து 'சி81' என்று ஒரு கேசட் தொகுப்பு வெளியிட்டன. அந்தக் காலத்துக் குழுக்கள் பலரையும் ஒரே இடத்தில் கேட்கலாம், பிடித்தவரை அங்கிருந்து தேடிப்போகலாம்.

இந்த வாரம் மூன்று செம்பருத்திக் குச்சியும் மூன்று கோலியஸும் போடுங்கள். காகிதப்பூ கொஞ்சம் பொறுக்கட்டும். கோலியஸ் பத்து நாளில் வேர்விட்டு உங்கள் மனதைத் தாங்கிக்கொள்ளும், அதற்குள் செம்பருத்தியைக் கிளறும் ஆசையும் அடங்கும். ஒவ்வொரு தொட்டியிலும் ஐஸ்குச்சி ஒன்றைக் குத்தி, செடியின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். நான் மூன்றாவதாக ஒரு வரியும் எழுதுவேன், நடும்போது ஓடிக்கொண்டிருந்த ஆல்பத்தின் பெயர். என் ஜன்னலோரம் இப்போது இரண்டு ஆள் உயரத்தில் படர்ந்திருக்கும் காகிதப்பூவின் அடியில் அந்த ஐஸ்குச்சி இன்னும் இருக்கிறது. தேதி அழிந்துவிட்டது. 'கலோசல் யூத்' என்பது மட்டும் லேசாகத் தெரிகிறது.